படித்தலும் படியெடுத்தலும்: டென்மார்க்கின் உருவப்பட ஓவியப் பயிற்சியும் தமிழின் வழிநூற் கோட்பாடும்

முன்னுரை

தைலவண்ணத்தில் உருவப்படம் தீட்டக் கற்பவர், முன்னோர் ஒருவரின் சிறந்த ஓவியத்தைத் தேர்ந்து, அதனை அடிப்பூச்சு முதல் இறுதித் தீற்றல் வரை மீண்டும் தீட்டிப் பார்ப்பது ஐரோப்பியக் கலைக்கல்வியின் நெடுங்கால வழக்கம். தமிழ்க் கலைத் திறனாய்வில் இவ்வழக்கத்திற்கு உரிய மதிப்புக் கிட்டவில்லை. ஓர் ஓவியத்தை 'நகல்' என்று சொல்லிவிட்டால் அதன்மேல் ஆராய ஒன்றுமில்லை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அசல், நகல் ஆகிய இரு சொற்களும் அரபு மூலத்திலிருந்து உருது, பாரசீகம் வழியாக நிருவாகத் தமிழில் புகுந்தவை. பத்திரம், சான்றிதழ் முதலியவற்றின் உண்மையைச் சோதிக்க உதவும் இவ்விணையைக் கலைப்படைப்பின்மேல் ஏற்றுவதால் விளையும் குழப்பம் சிறிதன்று.

தமிழில் இதற்கு முன்பே வேறொரு சொல் உண்டு. ஏட்டிலிருந்து ஏட்டுக்குப் பெயர்த்து எழுதப்பட்டது 'படி'. ஏறிச் செல்லும் கல்லும் படி, கற்றலும் படித்தல். படியெடுப்பதும் படிப்பதும் ஒரே ஒலிவடிவில் நிற்பதைச் சொல்விளையாட்டாக மட்டும் கொள்ளாமல், ஒரு கல்விமுறையின் நினைவாகவும் கொள்ள இடமுண்டு. டென்மார்க்கின் உருவப்பட ஓவியப் பயிற்சியை ஒரு சான்றாக எடுத்துக்கொண்டு, படியெடுத்தல் எதனைக் கற்பிக்கிறது, எதனைக் கற்பிக்க இயலாது, அதனை மதிப்பிடத் தமிழிலக்கண மரபின் வழிநூற் கோட்பாடு எவ்வாறு துணைபுரியும் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. தரங்கம்பாடியும் கோபன்ஹேகனும்

டென்மார்க்கைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடி டேனியர் வசம் இருந்தது. டேனிய மன்னர் நான்காம் பிரடெரிக்கின் ஆதரவில் 1706இல் அங்கு வந்த சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுத்தை எழுதி எழுதியே தமிழ் பயின்றார் என்பது அவர் வரலாற்றில் நன்கறியப்பட்ட செய்தி. பின்னர் எழுத்தரை அமர்த்தி ஓலைச்சுவடிகளைப் படியெடுப்பித்த அவர், 1708இல் தாம் திரட்டிய தமிழ் நூல்கள் 119க்கு விளக்கப் பட்டியல் ஒன்றும் வரைந்தார். கோபன்ஹேகன் அரச நூலகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் உள்ளன. அயலவர் ஒருவர் தமிழுக்குள் நுழைந்த வழி படியெடுத்தலே.

கலைக்கல்வியும் இவ்வணிகத் தொடர்பிலிருந்து முற்றிலும் விலகியதன்று. 1754இல் நிறுவப்பட்ட டேனிய அரச கலை அகாதெமியின் முதல் தலைவர் ஆதம் கொட்லோப் மோல்த்கே, அப்போது தரங்கம்பாடியை நிருவகித்துவந்த ஆசியக் கம்பெனிக்கும் தலைவராக இருந்தார். அகாதெமியின் இயக்குநரான பிரெஞ்சுச் சிற்பி சாலி வடிவமைத்த ஐந்தாம் பிரடெரிக்கின் குதிரைமேற் சிலைக்குச் செலவிட்டதும் அக்கம்பெனியே. ஆசிய வணிகத்தின் ஆதாயம் கோபன்ஹேகனில் சிலையாகவும் ஓவியத் தொகுப்பாகவும் உருமாறிய காலத்தில்தான் அந்நகரின் கலைக்கல்வி முறைப்படுத்தப்பட்டது.

2. அகாதெமியின் படிநிலைகள்

அகாதெமியின் பயிற்சி மூன்று நிலைகளைக் கொண்டது. மாணவர் முதலில் அச்சுப்படங்களையும் வரைபடங்களையும் பார்த்து வரைவர். அடுத்து, தொன்மைச் சிலைகளின் சுண்ண வார்ப்புகளைப் பார்த்து வரைவர். இறுதியிலேயே உயிருள்ள மாந்தரைப் பார்த்து வரையும் கூடத்திற்குள் செல்வர். முதல் இரு நிலைகளிலும் கண்முன் இருப்பது பிறிதொருவர் முன்பே கண்டு முடித்த உருவம். பாடத்திட்டத்தின் மையம் வரைதலாகவே இருந்தமையால், வண்ணத்தைக் கையாளும் பயிற்சி பெரிதும் ஆசிரியரின் பணிக்கூடத்திலும் ஓவியத் தொகுப்புகளின் முன்னும் நிகழ்ந்தது. மோல்த்கே குடும்பத்தின் டச்சு ஓவியத் தொகுப்பும், 1827இல் கிறிஸ்தியான்ஸ்போர் அரண்மனையில் மக்களுக்குத் திறக்கப்பட்ட அரச ஓவியக்கூடமும் அவ்வகையில் பள்ளிகளாயின.

டேனிய ஓவியத்தின் பொற்காலத்திற்கு வழிகோலியவர் எனப் போற்றப்படும் கிறிஸ்தோபர் வில்ஹெல்ம் எக்கர்ஸ்பெர்க் (1783–1853) இவ்வமைப்பில் வளர்ந்தவர். 1811இல் பாரிசில் ழாக் லூயி டேவிட்டின் பணிக்கூடத்தில் சேர்ந்து, உயிருருவை நேரில் நோக்கித் தீட்டும் பயிற்சி பெற்றார். 1818இல் அகாதெமியின் பேராசிரியரான பின், மாணவரை நகரத் தெருக்களுக்கும் வயல்வெளிக்கும் அழைத்துச் சென்று, கண்டதைக் கண்டவாறு தீட்டச் செய்தார். இதனால் அவர் படியெடுத்தலை ஒழித்தார் என்று கருதிவிடலாகாது. அவர் மாற்றியது படியெடுத்தலின் இடத்தை. அது பயிற்சியின் இலக்காக நில்லாமல் வாயிலாக நின்றது.

அவருடைய மாணவர் கிறிஸ்தேன் கோப்கே 1832இல் தீட்டிய, நிலக்காட்சி ஓவியர் பிரெடெரிக் ஸோத்ரிங்கின் உருவப்படம் இதற்கு நல்ல சான்று. நண்பரின் முகம் நேரில் நோக்கித் தீட்டப்பட்டது. அவருக்குப் பின்னாலோ அச்சுப்படங்கள் தொங்குகின்றன. ஒன்றில் தொன்மைச் சிதைவுகள், மற்றொன்றில் டச்சு மரபின் மாடுகள். இளம் ஓவியர் எவற்றைப் பார்த்துப் பயின்றார் என்பதை ஓவியமே மறைக்காமல் காட்டுகிறது.

3. முடிந்த ஓவியம் மறைப்பது

படியெடுப்பவர் கற்பது உருவ ஒப்புமை என்பது பொதுக்கருத்து. அதற்குப் படியெடுத்தல் வேண்டுவதில்லை. கட்டமிட்டு அளந்தோ ஒளிப்படத்தின்மேல் தடம் எடுத்தோ ஒப்புமையை அடைந்துவிடலாம். படியெடுத்தல் கற்பிப்பது வேறொன்று, அது செயல்வரிசை.

தைலவண்ணம் அடுக்குகளால் ஆனது. கித்தானுக்கு அடிப்பூச்சு; அதன்மேல் கோட்டுருவம்; பின் சாம்பல் அல்லது காவிச் சாயலில் ஒளியும் நிழலும் மட்டும் கொண்ட அடியோவியம்; அதன்மேல் தோலின் நிறம்; இறுதியில், ஒளி ஊடுருவும் மெல்லிய பூச்சுகள். ஒவ்வொரு மேலடுக்கிலும் கீழடுக்கைக் காட்டிலும் எண்ணெய் மிகுந்திருத்தல் வேண்டும். விரைந்து உலரும் அடுக்கு மெல்ல உலரும் அடுக்கின்மேல் அமைந்தால், கீழது அசையும்போது மேலது வெடிக்கும். ஆளிவிதை எண்ணெய் நீரைப்போல ஆவியாகி உலர்வதில்லை. காற்றின் உயிர்வளியை ஏற்று இறுகுகிறது. ஆகவே ஓவியரின் பணியில் காத்திருத்தலும் ஒரு கூறு.

முடிந்த ஓவியமோ இவ்வரிசையை மறைத்துவிடுகிறது. கன்னத்தின் ஓரத்தில் தோன்றும் குளிர்ந்த சாம்பல் நிறம் மேலே இடப்பட்டதா, அடியிலிருந்து கசிவதா என்பதைக் கண்ணால் மட்டும் உறுதிசெய்வது அரிது. படியெடுப்பவர் ஒரு கருதுகோளை அமைத்து, தீட்டிப் பார்த்து, பொருந்தாதபோது சுரண்டி எடுத்து, மறுகருதுகோள் அமைக்கிறார். சிதைந்த ஏட்டில் பாடம் காணும் பதிப்பாசிரியரின் பணிக்கு இது மிக நெருங்கியது. எஞ்சிய வடிவிலிருந்து, அதனை ஆக்கிய முடிவுகளை மீட்டெடுப்பதே இருவர்க்கும் உரிய தொழில்.

எல்லா ஓவியமும் இதற்கு ஒரே அளவில் இடந்தருவதில்லை. எக்கர்ஸ்பெர்க் 1814இல் உரோமில் தீட்டிய, சிற்பி தோர்வால்சனின் உருவப்படத்தில் தூரிகைத் தடம் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. அவருடைய சமகாலத்தவரான கிறிஸ்தியன் ஆல்பிரெக்ட் யென்சனின் உருவப்படங்களில் ஒவ்வொரு தீற்றலும் தனித்து நிற்கிறது. கலை வரலாற்றறிஞர் ஹோயன், யென்சனின் கைவண்ணம் முடிவுறாத வரைவு போன்றது எனக் குறைகூறினார். பயில்பவரின் நோக்கில் அக்குறையே நிறை. எது முன், எது பின் என்பதை யென்சனின் கித்தான் மறைப்பதில்லை. திறனாய்வாளரின் மதிப்பீடும் பயில்வோரின் மதிப்பீடும் வேறுபடுவதை இங்குக் காணலாம்.

டேனிய அரசவையில் பணிபுரிந்த கைப்ரெக்ட்ஸ் ஏறத்தாழ 1670இல் தீட்டிய ஓர் ஓவியம் இன்று கோபன்ஹேகனின் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது. சட்டமிட்ட ஓர் ஓவியத்தின் பின்புறமே அதன் பொருள்: மரச்சட்டம், ஆணிகள், முரட்டுத் துணி, எண் எழுதிய ஒரு தாள்துண்டு. கண்ணை ஏமாற்றும் விளையாட்டாக அது தீட்டப்பட்டது. படியெடுத்துப் பயில்பவர் ஒவ்வொருவரும் முன்புறத்தை நோக்கிக்கொண்டே தேடுவது அந்தப் பின்புறத்தைத்தான்.

4. முதலும் வழியும்

தொல்காப்பிய மரபியல் நூலை முதல், வழி என இரண்டாகப் பகுக்கிறது. வினையின் நீங்கித் தெளிந்த அறிவுடையோன் கண்டது முதனூல் என அது கூறுவதால், உரையாசிரியர்கள் முதனூலாசிரியனை இறைவனிடத்தில் வைத்துப் பொருள்கொண்டனர். மாந்தர் செய்யும் நூல்களிற் பெரும்பாலானவை வழிநூலே என்பது இதன் உட்கிடை. தொகுத்தல், விரித்தல், இரண்டும் கலத்தல், பிறமொழியிலிருந்து பெயர்த்து யாத்தல் என வழிநூல் நால்வகைப்படும். நன்னூல் இதனொடு சார்பு நூலையும் சேர்த்து, முதனூலின் முடிபோடு ஒத்துநின்று தனக்கு வேண்டிய வேறுபாட்டையும் உடையதே வழிநூல் என வரையறுக்கிறது. கம்பரின் காப்பியத்தை வான்மீகத்தின் நகல் என்று தமிழறிந்தோர் எவரும் சொல்லார்.

இப்பகுப்பு ஓவியத்திற்குப் பொருந்துமா? பொருந்தும் என்பதற்குக் கோபன்ஹேகனிலேயே சான்று உண்டு. இரெம்பிராண்டின் பணிக்கூடத்தில் மாணவர் ஆசிரியரின் தலைகளையும் முகங்களையும் படியெடுத்தே பயின்றனர். படி எது, மூலம் எது என்பதில் பின்வந்த அறிஞர் இருநூறு ஆண்டுகளாக மாறுபட்டனர். கோபன்ஹேகன் தேசியக் கலைக்கூடத்தில் நெடுங்காலம் ஐயத்திற்கு உட்பட்டிருந்த இரு சிறு ஓவியங்களை, சிலுவைப்போர் வீரனையும் பக்கவாட்டில் நோக்கும் முதியவரையும், 2006இல் ஆய்வாளர்கள் மீண்டும் இரெம்பிராண்டுக்கே உரியவையாக அறிவித்தனர். அறிவிப்புக்கு முன்னும் பின்னும் கித்தான் மாறவில்லை; விலையும் மதிப்பும் மாறின. அசல், நகல் என்ற இணை உடைமையைத் தீர்மானிக்க உதவுகிறதே அன்றிக் கலையைத் தீர்மானிக்க உதவுவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுத் தேவையில்லை.

வழிநூற் கோட்பாடு தரும் மற்றொரு கருவி குற்றங்களின் பட்டியல். இலக்கண நூலார் கூறும் நூற்குற்றம் பத்தினுள் குன்றக் கூறலும் மிகைபடக் கூறலும் படியெடுத்த ஓவியத்திற்கு நேரே பொருந்துவன. அடியோவியத்தை விடுத்து மேல்நிறத்தை மட்டும் ஒப்பித்தால், நிழலுக்கு ஆழம் அமையாது. அது குன்றக் கூறல். மூல ஓவியத்தின்மேல் காப்புக்காகப் பூசிய மெருகு காலத்தால் மஞ்சளடைந்திருக்கும். அம்மஞ்சளையும் வெடிப்பையும் சேர்த்தே தீட்டினால், படியெடுப்பவர் ஓவியரைப் படிக்காமல் இடைப்பட்ட ஆண்டுகளைப் படித்தவராகிறார். அது மிகைபடக் கூறல். படியை இழிவென்று ஒதுக்காமல், நல்ல படி எது, தீய படி எது எனப் பிரித்தறியும் அளவுகோல் இவ்வாறு தமிழ் மரபிலிருந்தே கிடைக்கிறது.

5. மூடிய கதவும் படியும்

படியெடுத்தலுக்கு ஒரு சமூகப் பயனும் உண்டு. ஆசிரியர் மறுக்கப்பட்டவர்க்கு ஓவியமே ஆசிரியராகிறது.

டேனிய அகாதெமி 1888 வரை பெண்களை மாணவராக ஏற்கவில்லை. அவ்வாண்டில்தான் பெண்களுக்கான கலைப்பள்ளி அதனுள் அமைந்தது. அதுவரை பெண் ஓவியர்க்கு எஞ்சியிருந்தவை தனியாசிரியரும் ஓவியக்கூடமுமே. உருவப்பட ஓவியர் பெர்தா வேக்மன் (1847–1926) கோபன்ஹேகனில் தனியாரிடமும் பின்னர் மியூனிக்கிலும் பயின்றார். தம் உடன்பிறந்தாளின் உருவப்படத்திற்காக 1883இல் தோர்வால்சன் பதக்கம் பெற்றார். மாணவியாக நுழைய இயலாத நிறுவனத்தின் உயரிய பரிசை அவர் பெற்றது, அகாதெமிக்கு வெளியே அமைந்த கல்வியின் வலிமையைக் காட்டுகிறது.

தென்னிந்தியாவிலும் இதையொத்த நிகழ்வு ஒன்று உண்டு. 1862இல் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்த இளம் இரவிவர்மாவுக்குத் தைலவண்ண நுட்பத்தைக் கற்பிக்க, அரசவை ஓவியர் இராமசாமி நாயக்கர் இசையவில்லை என்றும், அவரிடம் பயின்றுவந்த ஆறுமுகம் பிள்ளை மறைவாக உதவினார் என்றும் வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவர். 1868இல் அரச உருவப்படங்கள் தீட்ட வந்த தியோடர் ஜென்சன், தாம் தீட்டுவதைக் காண மட்டுமே இசைந்தார். கண்டதை நினைவிற்கொண்டு, அரண்மனையிலிருந்த ஐரோப்பிய ஓவியங்களை நோக்கி, தாமே கலந்து தாமே தீட்டித் தேர்ந்தார் இரவிவர்மா. தொழில் நுட்பத்தைக் குடும்பச் சொத்தாகக் காப்போர் ஒருபுறம். அதனைக் கண்ணால் கவர்ந்து கையால் சோதிப்போர் மறுபுறம். மரபு இறுகிய இடங்களில் படியெடுத்தலே மரபைப் பொதுவாக்கியது.

இன்று கோபன்ஹேகன் தேசியக் கலைக்கூடம் காப்புரிமைக் காலம் கடந்த தன் ஓவியங்களின் நுண்படங்களை எவரும் கட்டணமின்றிப் பெறுமாறு வெளியிடுகிறது. 1827இல் அரண்மனைக் கதவு திறந்ததை ஒத்த செயல் இது. எனினும் திரையில் காணும் படத்தில் வண்ணத்தின் தடிப்பும் மேற்பரப்பின் மேடுபள்ளமும் புலப்படுவதில்லை. செயல்வரிசையைக் கற்க வேண்டியவர் அறிய வேண்டுவன அவையே. நுண்படம் வீட்டுப்பாடமாகலாம், கூடத்திற்குச் சென்று நோக்குதலுக்கு ஈடாகாது.

6. தோலின் நிறம்: படியின் எல்லை

படியெடுத்தலுக்கு எதிரான வலிய வாதம் 1844இல் எழுந்தது. மேற்சொன்ன ஹோயன், வடபுலத் தேசியக் கலை குறித்து அவ்வாண்டு ஆற்றிய சொற்பொழிவில், இத்தாலியையும் தொன்மையையும் நோக்கிய ஓவியர்களைத் தம் நாட்டு மண்ணையும் மக்களையும் நோக்குமாறு வலியுறுத்தினார். தன் மக்களின் முகத்தைக் காண விடாத பயிற்சி எத்தகைய பயிற்சி என்ற அவருடைய கவலையை எளிதில் தள்ளிவிட முடியாது.

இக்கவலை புலம்பெயர்ந்த தமிழர்க்கு வேறொரு வடிவில் எழுகிறது. இலங்கையின் உள்நாட்டுப் போரால் 1980களிலிருந்து டென்மார்க்கில் குடியேறிய தமிழர், ஹேர்னிங், பிரான்டே முதலிய யூலாந்து நகரங்களில் கோயிலும் தமிழ்ப் பள்ளியும் அமைத்து வாழ்கின்றனர். அங்குப் பிறந்து வளர்ந்த ஒருவர், எக்கர்ஸ்பெர்க்கின் உருவப்படம் ஒன்றை மீளத் தீட்டிக் கைதேர்ந்தபின், தம் பாட்டியின் முகத்தைத் தீட்ட முற்படுவதாகக் கொள்வோம். கற்ற வண்ணத்தட்டு உதவாமற் போகும். ஈய வெள்ளை, மஞ்சட்காவி, சாதிலிங்கம், எலும்புக்கரி ஆகியவற்றின் கலவை வடபுலத்தின் வெளிறிய தோலையும் வடக்குச் சாளரத்தின் குளிர்ந்த ஒளியையும் முன்னிட்டு அமைந்தது. அக்கலவையில் கரியைக் கூட்டி மாநிறத்தைப் பெற முயன்றால் முகம் சாம்பல் பூத்துவிடும். கருந்தோலில் ஒளிபடும் இடம் வெள்ளையை நோக்கிச் செல்வதில்லை. சுற்றுப்புறத்தின் நிறத்தை ஏற்று நீலமாகவோ செம்பாகவோ மின்னுகிறது. நிழலோ கருமையாகாமல் செம்மைகலந்த ஆழம் பெறுகிறது. இதனை எக்கர்ஸ்பெர்க்கிடம் கற்க வழியில்லை.

ஆயினும் இதற்கான முதலும் அதே கலைக்கூடத்தில் உண்டு. காங்கோவின் சோயோ நாட்டுத் தூதர் தோம் மிகேல் த காஸ்த்ரோவையும் அவருடைய பணியாளர் இருவரையும் ஏறத்தாழ 1643இல் நெதர்லாந்தில் தீட்டிய மூன்று உருவப்படங்கள், 1654இல் டேனிய மன்னருக்குப் பரிசாக வந்தன. பெக்ஸ் குடும்ப ஓவியருக்கு உரியவையாகக் கருதப்படும் இவற்றில் கருந்தோல் வெள்ளைத்தோலின் இருண்ட வடிவமாகக் கையாளப்படவில்லை. தனக்கே உரிய ஒளியோடு தீட்டப்பட்டுள்ளது. அப்பரிசோடு வந்த எக்ஹவுட்டின் பிரேசில் ஓவியங்கள் டேனிய தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றில் இருப்போர் ஓர் இனத்தின் மாதிரியாக நிற்கின்றனர், பெயர் இல்லை. தோம் மிகேலுக்குப் பெயர் உண்டு, பதவி உண்டு, நேர்நோக்கும் பார்வை உண்டு. உருவப்படம் என்னும் வகையின் இலக்கணம் இவ்வேறுபாட்டிலேயே அடங்கியுள்ளது.

தமிழ்ச் சிற்ப மரபுக்கும் இவ்வேறுபாடு பொருந்தும். சுவாமிமலைச் சிற்பியர் தென்னங்கீற்றை மடித்துத் தால அளவு கண்டு படிமம் வார்ப்பர். அங்கும் பயிற்சி படியெடுத்தலே. ஆனால் எடுக்கப்படுவது இலட்சிய உருவின் படி. ஒரு குறிப்பிட்ட மூதாட்டியின் முகம் எத்தாலத்திற்கும் அடங்காது. ஆகவே உருவப்படக் கலையில் தமிழர் பெற வேண்டிய பயிற்சி, தம் மரபின் அளவுமுறையிலிருந்தோ வடபுல வண்ணமுறையிலிருந்தோ அப்படியே கிடைத்துவிடுவதன்று. பொருத்தமான முதலைத் தேர்ந்து படியெடுத்து, பின் நேரில் நோக்கித் திருத்திக்கொள்வதே வழி.

முடிவுரை

தொல்லோவியத்தை மீளத் தீட்டிப் பயில்வது, முடிந்த படைப்பு மறைக்கும் செயல்வரிசையை மீட்கும் ஒரு வாசிப்பு என்பதும், அது கல்வி மறுக்கப்பட்டவர்க்குக் கதவாக நின்றது என்பதும் டேனியச் சான்றுகளால் தெளிவாகின்றன. அப்பயிற்சியின் எல்லையும் தெளிவாகிறது: எந்த முகங்களை முன்னிட்டு ஒரு நுட்பம் வளர்ந்ததோ, அம்முகங்களின் எல்லைக்குள்ளேயே அதன் தீர்வுகளும் நிற்கும். எதனைப் படியெடுப்பது என்ற தேர்வு, எவரைக் காணக் கற்கிறோம் என்பதையும் தீர்மானிக்கிறது.

இவற்றிலிருந்து இரு பரிந்துரைகள் எழுகின்றன. முதலாவது, தமிழ்க் கலைத் திறனாய்வு அசல், நகல் என்னும் இணையை உரிமைச் சிக்கல்களுக்கு விட்டுவிட்டு, முதல், வழி, சார்பு, படி என்னும் கலைச்சொற்களை ஓவிய ஆய்வில் கையாளுதல் வேண்டும். நூற்குற்றங்களின் பட்டியலையும் ஓவியத்திற்கு ஏற்ப வகுத்துக்கொள்ளலாம். இரண்டாவது, புலம்பெயர் தமிழர்க்கான கலைப்பயிற்சிகளில் படியெடுக்கத்தக்க உருவப்படங்களின் தொகுதி ஒன்றைத் தேர்ந்தமைத்தல் வேண்டும். எக்கர்ஸ்பெர்க்கும் யென்சனும் அதில் இருக்கட்டும். அவர்களருகில் தோம் மிகேலும் இரவிவர்மா தீட்டிய தென்னிந்திய முகங்களும் இடம்பெறட்டும். தமிழ்ப் பள்ளியில் எழுத்தின்மேல் எழுதி எழுத்தறியும் சிறார், இத்தொகுதியைக்கொண்டு தூரிகை பழகினால், தம் வீட்டுச் சுவரில் தொங்கும் மங்கிய ஒளிப்படத்திலுள்ளவரை அவருக்குரிய நிறத்தில் தீட்டும் திறனை ஒருநாள் அடைவர்.